அணில் எந்த நேரத்தில் வெளியே வரும்? மலையகத்தில் அணில் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

வெளிச்சம் வந்ததிலிருந்து காலை ஒன்பது, ஒன்பதரை வரை ஒரு தடவை. பிறகு மாலை மூன்றரை, நாலு மணியிலிருந்து இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்புவரை இன்னொரு தடவை. இலங்கையின் மலையகத்தில் அணில் பார்க்கக் கிளம்புகிறவருக்குச் சுருக்கமான பதில் இதுதான். ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் நுவரெலியாவில் ஒரு பனிக்காலையிலோ, ஹட்டன் பக்கம் ஒரு ஆடி மழையிலோ மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சமாக இருக்கும். அந்த இரண்டு நேரம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், எந்த ஊரில் எந்த நாளில் நின்றாலும் நேரத்தை நீங்களே கணித்துவிடலாம்.

தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் இந்தக் கேள்வியை வேறு மாதிரிக் கேட்பார்கள்: அணில் வேட்டைக்கு எது நல்ல நேரம்? கெட்டப்போல் (உண்டிவில்) வைத்திருப்பவனுக்கும் கேமரா வைத்திருப்பவனுக்கும் நேரம் ஒன்றுதான், அணில் ஆளைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. நான் எழுதுவது பார்க்கிறவர்களுக்காக. மலையகத்தில் வாழும் பெரிய மலையணில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைக்காடுகளை இதற்காகவே 1988இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவுக்குள் எந்த விலங்கை வேட்டையாடினாலும் குற்றம். சின்னதைப் பிடிக்க வைத்த கம்பிக் கண்ணியில் பெரியது மாட்டிக்கொள்வதும் நம் பக்கத்தில் நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனதை மலையகத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணியை விட்டுவிட்டு ஒரு பைனாகுலரோடு போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு விலங்கு ஒரு நாளில் எந்தெந்த நேரத்தில் எவ்வளவு நடமாடுகிறது என்பதை மணிவாரியாகக் குறித்து ஒரு கோடு போட்டால், அணிலுக்கு வரும் கோட்டில் இரண்டு மேடு இருக்கும், நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். காலையில் ஒரு மேடு, நடுப்பகலில் பள்ளம், மாலையில் இன்னொரு மேடு. காலை மேடுதான் பொதுவாக உயரம். இதை நடமாட்டத்தின் இரட்டை உச்சம் என்று சொல்லலாம். இந்தக் கோட்டை வளைப்பவை மூன்று: பசி, உடம்புச் சூடு, பயம்.

பசியை முதலில் எடுத்துக்கொள்வோம். நாம் பார்க்கிற பகல் அணில்கள் எல்லாம் இரவு முழுக்கக் கூட்டில் சுருண்டு கிடப்பவை. இங்கே பகலும் இரவும் ஏறக்குறைய சமம் என்பதால், அதற்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணிநேரம் வாயில் ஒன்றும் படாது. விடிந்ததும் முதல் வேலை சாப்பாடுதான். அந்தியிலும் அப்படியே, அடுத்த பன்னிரண்டு மணிநேரத்துக்கு வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் அது கூட்டுக்குப் போகும். இரண்டு மேடும் இந்தக் கணக்கில் எழுபவை.

நடுப்பகல் பள்ளத்துக்குக் காரணம் சூடு. உச்சி வெயிலில் மரத்துக்கு மரம் தாவினால் உடம்பு சூடேறும், தண்ணீரும் வீணாகும். காலையில் தின்றதும் செரிக்கவேண்டும். அதனால் மலையணில் பதினோரு மணிவாக்கில் நிழலான ஒரு கிளையைப் பார்த்து வயிற்றைக் கிளைமேல் ஒட்டி, நாலு காலையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் படுத்துவிடும். வால் நேராகக் கீழே தொங்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைச் செத்த அணில் என்று நினைத்துவிடுவதுண்டு. பைனாகுலரில் பார்த்தால் காது மட்டும் அசைவது தெரியும்.

பயத்தை நாம் சரியாக மதிப்பதில்லை. கருங்கழுகு மலைச்சரிவை ஒட்டி, மரங்களின் உச்சியைத் தடவுகிற உயரத்தில் மெதுவாக மிதந்து வரும். அதன் கண்ணில் பட்டால் அணிலின் கதை முடிந்தது. கழுகு சிறகடிக்காமல் மிதக்க, தரை சூடேறி மேலே கிளம்பும் காற்று வேண்டும். அந்தக் காற்று வெயில் ஏறிய பிறகுதான் எழும். விடிந்து முதல் ஒன்றிரண்டு மணிநேரம் வானம் ஓரளவு காலியாக இருப்பது இதனால்தான். கழுகின் நிழல் தெரிந்தால் அணில் ஓடாது. கிளையோடு ஒட்டிப் படுத்து, பத்து நிமிடமானாலும் அசையாமல் கிடக்கும். உங்களைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் செய்யும்.

காலை மேட்டை நேரில் பார்க்க, தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற ஓரம் நல்ல இடம். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆட்கள் கிளம்புகிற நேரத்துக்கே, அதாவது வெள்ளனவே, அங்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் கண்ணுக்கு வேலை இருக்காது, காதுக்குத்தான் வேலை. பழமரத்தடியில் காய்ந்த இலைமேல் 'டொப்', 'டொப்' என்று எதாவது விழுந்துகொண்டே இருக்கும். காற்றில்லாத நேரத்தில் ஒரே இடத்தில் விழுந்தால், மேலே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். விழுந்ததை எடுத்துப் பாருங்கள். தோல் கீறி, சதை சுரண்டி, ஈரம் காயாமல் இருந்தால் அணில் தலைக்கு மேலேயே இருக்கிறது. குரங்கு என்றால் கிளை ஆட்டமும் சத்தமும் கூட வரும். மலையணில் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது.

மேலே பார்த்தால் முதலில் தெரிவது வால். தலையும் உடலும் சேர்ந்த நீளத்துக்கு வாலும் இருக்கும், சில சமயம் அதைவிடக் கூடுதல். மலைநாட்டு மலையணிலுக்கு முதுகு கறுத்திருக்கும், வால் மயிரில் நரை விழுந்த மாதிரி வெள்ளை கலந்திருக்கும். எடை ஒன்றரை, இரண்டு கிலோ. வீட்டுக் கூரையில் ஓடும் அணிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்முன்னே இருந்தும் தவறவிடுவீர்கள். அது சாப்பிடும் விதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பின்னங்கால்களால் கிளையைப் பிடித்து, உடம்பைக் கிளைக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தலையும் மார்பும், மறுபக்கம் வால். இரண்டும் தராசுத் தட்டுகள் போல ஒன்றையொன்று சமன்செய்யும். முன்னங்கைகள் இரண்டும் விடுபட்டுவிடுவதால் பழத்தைப் பிடித்து உருட்டி உருட்டிக் கடிக்க முடிகிறது. அந்த வால் அழகுக்கு வளர்ந்ததல்ல என்பது இதைப் பார்த்தால் புரியும்.

இதுவரை சொன்னது கண்டி உயரத்துக்குச் சரியாகப் பொருந்தும். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர். நகரத்தை ஒட்டிய உடவத்தகலே காட்டோரத்தில் காலை ஆறரைக்கு நின்றால் எல்லாம் விழித்திருக்கும், ஒன்பதரைக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், பள்ளம் சீக்கிரம் வந்துவிடும். ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1,200 மீற்றருக்கு மேலே. நுவரெலியா 1,800 மீற்றரைத் தாண்டிவிடுகிறது, ஹோர்ட்டன் சமவெளி 2,100. மேலே ஏற ஏற ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை செல்சியஸ் அளவுதான். சனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்வெளியில் உறைபனி படியும்.

அந்தக் குளிரில் அணில் அவசரப்படாது. சிறிய உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். இருட்டில் வெளியே வந்து தேடுவதைவிட, கூட்டுக்குள் வாலைப் போர்த்திக்கொண்டு வெயிலுக்குக் காத்திருப்பதுதான் அதற்கு இலாபம். அதனால் மேலே போகப் போகக் காலை மேடு ஏழரை, எட்டுக்குத் தள்ளிப்போகும். நடுப்பகல் பள்ளமும் ஆழம் குறைந்துவிடும். இதமான வெயில் இருந்தால் பதினொன்றுக்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் விடியலுக்கே போகவேண்டும் என்று பதறவேண்டாம். கதவு திறந்ததும் போனால் போதும்.

இங்கே கடிகாரத்தைவிட மலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பாருங்கள். வருடம் முழுக்க நமக்குச் சூரியன் 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதித்துவிடும், இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் கிழக்குப் பார்த்த சரிவில் உடனே வெயில் விழும். மேற்குச் சரிவுக்குப் பின்னாலுள்ள மலைமுகட்டைத் தாண்டி வெயில் வர ஒரு மணிநேரம் கூடுதலாக ஆகலாம். காலையில் கிழக்குச் சரிவிலும் அந்தியில் மேற்குச் சரிவிலும் உட்காருங்கள். வெயில் முதலில் தொடுகிற மர உச்சியைக் குறித்துவைத்தால் அங்கேதான் முதல் அணில் உடம்பைக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

வட அமெரிக்காவின் சாம்பல் அணில் இதே கொள்கையை வேறு விதமாகக் காட்டுகிறது. கோடையில் அதற்கும் நம்முடையதுபோல இரண்டு மேடு. கடுங்குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து நடுப்பகலில் ஒரே மேடாகிவிடும், அந்த நேரம்தான் அங்கே கொஞ்சமாவது சூடு என்பதால். அங்கே அணில் வேட்டை சட்டப்படி நடக்கிற ஒன்று. பெரும்பாலும் இலையுதிர்காலத்தில், ஓக், ஹிக்கரி மரங்களின் கொட்டைகள் முதிர்ந்து அணில்கள் அவற்றைச் சேர்த்துப் புதைக்க அலைகிற சமயத்தில், காலையின் முதல் மணிகளிலும் சூரியன் மறைவதற்கு முந்திய மணிகளிலும் வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் இருப்பார்கள். மழை விட்ட மறுநேரத்தையும் அவர்கள் விரும்புவார்கள், ஈரச் சருகில் காலடிச் சத்தம் கேட்காது. இந்த ஒரு பாடத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே நேரத்தை மாற்றுவது பருவம்; இங்கே அதை மாற்றுவது உயரமும் மழையும்.

மழையைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் மலையகத்தில் ஆட்டத்தைக் கெடுப்பதும் அதுதான், அமைப்பதும் அதுதான்.

தூறலுக்கு மலையணில் கவலைப்படாது. அடைமழையும் பலத்த காற்றும் சேர்ந்தால் கூட்டுக்குள் போய்விடும். காற்று வீசும்போது எல்லாக் கிளையும் ஆடும், எல்லா இலையும் சத்தம் போடும்; கழுகு வருவதைக் கண்ணாலும் காதாலும் பிரித்தறிய முடியாது. ஆறு மீற்றர் தூரத்தைத் தாவிக் கடக்கிற விலங்குக்கு ஆடுகிற கிளை ஆபத்தும்கூட. ஆகவே காற்று நாளில் வீட்டிலேயே இருங்கள், அல்லது காற்று படாத பள்ளத்தாக்குப் பக்கம் போங்கள். ஆனால் நீண்ட மழை விட்ட அடுத்த ஒரு மணிநேரம் பொன்னான நேரம். எந்த மணியாக இருந்தாலும் பரவாயில்லை, பகல் ஒரு மணிக்கு விட்டாலும் சரி. அடைந்து கிடந்த பசி எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே இழுத்துவிடும். மப்பு மூடிய நாளும் அப்படியே: சூடு ஏறாததால் பள்ளம் விழாது, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடமாடிக்கொண்டே இருக்கும். அடர்த்தியான மூடுபனி மட்டும் விதிவிலக்கு. அணில் இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது.

எந்த மாதம் போவது என்று கேட்பவர்களுக்குத் தேயிலைக்காரர்களிடம் பதில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, டிம்புள்ளைப் பக்கத்தில் தென்மேற்கு மழை மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை கொட்டும். சனவரியிலிருந்து மார்ச்வரை காய்ந்த குளிர்காற்று வீசும்போது அந்தப் பக்கத்துத் தேயிலைக்குத் தரம் கூடும் காலம். ஊவாவில் இது தலைகீழ். மத்திய மலைத்தொடர் தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுவதால் சூலையிலிருந்து செப்டம்பர்வரை பதுளை, பண்டாரவளைப் பக்கம் வரண்ட காற்று; ஊவாத் தேயிலையின் பெயர்போன பருவம் அது. எந்தப் பக்கத்தில் தேயிலைக்குத் தரக்காலமோ அந்தப் பக்கத்தில் நமக்கும் தெளிந்த காலைகள் கிடைக்கும். ஊவாவில் மட்டும் அந்த மாதங்களில் காற்று சில நாள் மிரட்டும். வெள்ளன, காற்று கிளம்புவதற்கு முன்பு, பார்த்து முடித்துவிடவேண்டும்.

பழக்காலம் இதையெல்லாம் மீறிவிடும். காட்டத்தியோ ஆலோ பழுத்துவிட்டால் அந்த மரத்தில் எல்லா மணியும் நல்ல மணிதான். நாவலும் பலாவும் அப்படித்தான். ஒரு பழமரத்தைக் கண்டுபிடித்தவர் பத்து நாள் காட்டைச் சுற்றியவரைவிட அதிகம் பார்ப்பார். கொழுந்து எடுக்கப் போகிற அக்காமாரிடம் கேளுங்கள், எந்த மலையோரத்தில் எது பழுத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வழிகாட்டிக்கும் தெரியாது.

சின்ன அணில்களுக்கு நேரம் அவ்வளவு கண்டிப்பில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரையிலும் கொய்யா மரத்திலும் ஓடுகிற மூன்று கோட்டு அணில் மனிதர்களோடு பழகியது, பகலில் எப்போதும் பார்க்கலாம். இருண்ட ஈரக்காட்டில் வாழும் மங்கிய கோட்டுச் சிற்றணில் வேறு சமாச்சாரம். இலங்கைக்கே உரியது, கையடக்கமானது, புதருக்குள் தாழ்வாக ஓடும். அதன் சத்தம் குருவிச் சத்தம் போல இருப்பதால் பலர் பறவையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து காட்டுக்குள் இரைதேடிக்கொண்டு நகரும்போது அணில்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதுண்டு. நிறைய கண்கள் காவல் இருக்கும்போது பயமின்றிச் சாப்பிடலாம் அல்லவா. ஆகவே சிலம்பன்களின் கலகலப்பு நெருங்கி வந்தால் பறவையை மட்டும் பார்க்காமல் கீழ்க்கிளைகளையும் பாருங்கள்.

பறக்கும் அணிலுக்கு மேலே சொன்ன கோடு முழுவதும் கவிழ்ந்துவிடும். அது இராத்திரி விலங்கு. பகல் அணில் கூட்டுக்குப் போன பிறகு மரப்பொந்திலிருந்து வெளியே வந்து, கைக்கும் காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். இருட்டி முதல் ஒன்றிரண்டு மணிநேரம் பாருங்கள். டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் அதன் கண் கூசாது. தோட்டத்து எல்லையில் சிறுத்தையும் நடமாடும், தனியாகப் போகாதீர்கள்.

உட்காரும் விதம் பற்றி ஒரு வார்த்தை. போனதும் இருபது நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். நீங்கள் நடந்து வந்ததைக் காடு மறக்க அவ்வளவு நேரமாவது ஆகும். அடிமரத்தில் சாய்ந்துகொண்டால் உங்கள் உருவம் தனியாகத் தெரியாது. 'கட கட' என்று மலையணில் விடாமல் கத்தினால் உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள். எழுந்து போகாதீர்கள், அண்ணாந்து முறைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் கத்தி அலுத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும்.

அப்புறம், வீட்டுத்தோட்டத்தில் பட்டர்புரூட்டையும் (வெண்ணெய்ப்பழம்) பேரிக்காயையும் அணிலுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். நடுப்பகலில் தகரம் தட்டிப் பிரயோசனமில்லை, அப்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரையும் மாலை நாலிலிருந்து ஆறுவரையும் மரத்தடியில் ஆளோ நாயோ இருந்தால் சேதம் குறையும். மழை விட்டதும் ஒருதரம் போய்ப் பாருங்கள். வேலிப்பக்கத்து மரத்திலிருந்து உங்கள் மரத்துக்கு நீளும் கிளைகளை ஆறு மீற்றர் இடைவெளி வருமாறு வெட்டிவிட்டால், தரையில் இறங்க விரும்பாத மலையணிலுக்கு வழி அடைபடும். அடர்ந்த மரங்கள் நெருங்கி நிற்கிற தோட்டமென்றால் இது முடியாது. அங்கே முற்றிய காய்களை மட்டும் பழைய நுளம்புவலை (கொசுவலை)த் துண்டால் கட்டி, காலை மேடு எழுவதற்கு முன், முதல்நாள் அந்தியிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.